திங்கட்கிழமைக்கு முந்தின சாப்பாடு

"அம்பத்தூர்ல நல்ல 'பப்' எங்கே இருக்கு?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரு வெள்ளைக்காரர். 2018ஆம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணி. எங்கள் கம்பெனி சரக்கை வாங்கலாமா, வேண்டாமா என்று பார்த்துவிட்டுப் போக பர்மிங்ஹாமிலிருந்து வந்திருந்தார். முதலாளிக்கு அன்றைக்கு மச்சினர் வீட்டுக் கல்யாணம். மேனேஜருக்கு இங்கிலீஷ் வராது (வரும் என்று அவர் சொல்லிக்கொள்வார்). ஆகவே டெஸ்பாட்ச் செக்‌ஷனில் சலான் போட்டுக்கொண்டு சிவனே என்று இருந்த என் தலையில் வெள்ளைக்காரரைக் கட்டிவிட்டார்கள்.

அவர் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் பப்தானாம். குடும்பத்தோடு போவார்களாம். பாட்டிகூட வருவாளாம்! அடுப்பில் வாட்டிய மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங், மேலே ஒரு கிரேவி. பக்கத்தில் ஒரு டம்ளர் பீர். அதை மூன்று மணி வரை உறிஞ்சிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்களாம். "உங்க ஊர்லயும் அது மாதிரி ஏதாவது இருக்குமே?" என்றார் ஆசையாக.

நான் விழித்தேன். பப் என்றால் நமக்கெல்லாம் பெரிய ஹோட்டலில் கலர் லைட்டும் காதைப் பிளக்கும் பாட்டும்தான். பாட்டியை அழைத்துப் போகும் பப்புக்கு அம்பத்தூரில் எங்கே போவேன்?

கார் ஓ.டி. பக்கம் திரும்பியபோது, அவரே ஜன்னல் வழியாக ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பச்சைக் கலர் போர்டு. இரும்புக் கம்பி வலை. வலையில் சின்னதாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ஒரே சமயத்தில் ஏழெட்டுக் கைகள், ஒவ்வொரு கையிலும் பணம்.

"அது என்ன, பாங்கா? இத்தனை பேர் பணம் கட்டுறாங்களே?"

"ஆமா ஸார். கவர்மென்ட்டுக்குத்தான் கட்டுறாங்க" என்றேன்.

பொய் சொல்லவில்லை. டாஸ்மாக் 1983ல் ஆரம்பித்த அரசாங்க நிறுவனம். 2003லிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில்தான். பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட பார். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஒரு தட்டு சுண்டல், நின்றுகொண்டே நாலு மடக்கு. அங்கே உட்கார்ந்து மூன்று மணி வரை ஊர்க்கதை பேச முடியாது. நாலாவது மடக்கிலேயே அவரவர் சொந்தக்கதை ஆரம்பித்துவிடும்.

வேறு வழி தெரியாமல் அவரை ஆவடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன், ஒரு மிலிட்டரி ஹோட்டலுக்கு. இலை போட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதே ஹோட்டலுக்குப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகவேண்டி வந்தது. அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் ஒரு பேப்பர். 'திங்கள் காலை 10 மணிக்கு அனைத்து ஊழியர்களும் ஷெட் எண் 2ல் கூடவும்.' அவ்வளவுதான். எதற்கு என்று இல்லை. மேனேஜர் கையெழுத்து, கீழே ரப்பர் ஸ்டாம்ப். கெட்ட செய்திக்குத்தான் எங்கள் கம்பெனியில் ஸ்டாம்ப் அடிப்பார்கள். போனஸுக்கு அடித்ததில்லை.

இதற்கு முன்னாலேயே சகுனங்கள் சரியில்லை. ஏழாம் தேதி வருகிற சம்பளம் இரண்டு மாதமாகப் பன்னிரண்டாம் தேதி, அதுவும் இரண்டு தவணையில். முந்தின வாரம் மூன்று பேர் வந்து முக்காலி மேல் ஒரு கருவியை வைத்து காம்பவுண்டைக் கோடிக்குக் கோடி அளந்துவிட்டுப் போனார்கள். "சும்மா" என்றார் முதலாளி. அம்பத்தூர் எஸ்டேட்டில் மனையைச் சும்மா அளக்கிற ஆளை இதுவரை நான் பார்த்ததில்லை.

நாங்கள் செய்வது வால்வு கைடு. எஞ்சினுக்குள் வால்வு மேலும் கீழும் ஓடுகிறதல்லவா, அது ஆடாமல் நேராக ஓடுவதற்குப் போட்டிருக்கும் சின்னக் குழாய். சுண்டுவிரல் நீளம்தான். இது சரியில்லாவிட்டால் வண்டி நீலப் புகை விடும். நன்றாக ஓடிய வியாபாரம். ஆனால் இப்போது ஆளுக்கு ஆள் பேட்டரி ஸ்கூட்டரில் போகிறார்கள். பேட்டரி வண்டியில் எஞ்சினே கிடையாது. அப்புறம் வால்வு எங்கே, கைடு எங்கே, நான் எங்கே!

இந்த அழகில், அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள். "மாப்பிள்ளை என்ன வேலை?" என்று கேட்பார்கள். என்ன வேலை என்பது திங்கட்கிழமை பத்து மணிக்கு மேல்தான் எனக்கே தெரியும்.

சனிக்கிழமை ராத்திரி போன் வந்தது. மைக்ரோமீட்டர் அண்ணன்.

அவர் நிஜப்பெயர் கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. குவாலிட்டி செக்‌ஷன். இருபத்தேழு வருஷ சர்வீஸ். எதைப் பார்த்தாலும் அளப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில், "பஜ்ஜி ஒரு பக்கம் ரெண்டு மில்லி கனம் ஜாஸ்தி" என்று சொன்னவர். (அந்தப் பெண்ணையேதான் கட்டிக்கொண்டார். பஜ்ஜி இன்றுவரை அப்படியேதான் இருப்பதாகக் கேள்வி.)

"தம்பி, நாளைக்குச் சாப்பாடு ஆவடியில. நான் வாங்கித் தர்றேன். பதினோரு மணிக்கு அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வந்துடு."

"என்ன அண்ணே விசேஷம்?"

"திங்கட்கிழமைக்கு அப்புறம் யார் யாருக்கு வாங்கித் தர்றதுன்னு தெரியலையே!"

நான் இருப்பது திருநின்றவூரில். நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்து காலேஜ், ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் என்று தினம் மனப்பாடமாக வரும் ஸ்டேஷன்கள். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா பக்கம் ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் போன பாதை இது. வார நாளில் இந்தப் பெருமையெல்லாம் தோன்றாது. எவன் கால் எவன் செருப்பில் என்றே தெரியாத கும்பல். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோர சீட் கிடைத்தது. சாப்பிடப்போகிற ஆவடியைத் தாண்டி அம்பத்தூர் வரை போய், மறுபடி ஆவடிக்கு வண்டியில் திரும்பி வருவானேன் என்று எனக்கும் தோன்றியது. அண்ணன் சொல்லிவிட்டால் காரணம் கேட்கமுடியாது.

காரணம் அவரே சொன்னார். "ஒரு தடவை கம்பெனியைப் பார்த்துட்டுப் போயிடலாம் வா."

"ஞாயித்துக்கிழமை கம்பெனியில என்ன அண்ணே பார்க்கறது?"

"இருக்கான்னு பார்க்கத்தான்."

இரண்டு பேரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, அவருடைய டிவிஎஸ் எக்ஸெல்லில் ஏறினோம். இருவர் எடையையும் சேர்த்துச் சொன்னால் வண்டிக்காரக் கம்பெனி வருத்தப்படும். முனகிக்கொண்டே போனது.

எஸ்டேட்டை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவேண்டிய இடம். காமராஜர் முதல்வராகவும் ஆர்.வெங்கட்ராமன் தொழில் மந்திரியாகவும் இருந்த நாளில் முதலில் கிண்டி, அடுத்து அம்பத்தூர் என்று போட்ட திட்டம். ஆயிரம் ஏக்கருக்கு மேல். லேத் பட்டறையிலிருந்து கண்ணாடி மாளிகை வரை எல்லாம் உண்டு. வார நாளில் குட்டி யானை லாரிகளும் கூலண்ட் எண்ணெய் வாசனையும் மனுஷனை நகரவிடாது. அன்றைக்கு ரோட்டு நடுவில் நாலு நாய்கள் நிம்மதியாகத் தூங்கின. பிரஸ் மெஷின் 'டொம் டொம்' இல்லாததால் வேப்பமரத்தில் குயில் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்பது வருஷமாக அங்கேதான் இருந்திருக்கும், பாவம்.

கேட்டுக்குக் கேட் ஒரு போர்டு: 'ஆட்கள் தேவை. சிஎன்சி ஆபரேட்டர், ஹெல்பர். தங்கும் இடம் இலவசம்.' கீழே அதுவே இந்தியில். பழைய பட்டறைகளுக்கு நடுவே எட்டு மாடி, பத்து மாடிக் கண்ணாடிக் கட்டடங்கள். ஒரு காலத்தில் நட்டும் போல்ட்டும் செய்த மனையில் இப்போது கம்ப்யூட்டர் முன்னால் அமெரிக்காக்காரன் தூங்கும் நேரத்தில் விழித்திருக்கிறார்கள். மனை விலை ஏறிய பிறகு, குழாய் கடைந்து சம்பாதிப்பதைவிடக் குழாய் கடையும் இடத்தை விற்றுச் சம்பாதிப்பது சுலபம் என்பது எந்த முதலாளிக்கும் புரியும். எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை, கணக்குத் தெரிந்தவர். அதுதான் பயம்.

கம்பெனி இருந்தது. கேட்டில் செக்யூரிட்டி செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து சல்யூட் அடித்தார். அண்ணன் கேட்டையும் சுவரையும் ஒரு முறை கண்ணால் அளந்துவிட்டு, "சரி, போலாம்" என்றார்.

சி.டி.எச். ரோட்டுக்கு வந்தோம். இந்த ரோட்டில் பஸ் ஸ்டாப் பெயர்களைக் கவனிக்கவேண்டும். வேறு ஊர்களில் கோயில், குளம், தலைவர் என்று பெயர் வைப்பார்கள். இங்கே லூகாஸ், பிரிட்டானியா, டி.ஐ. சைக்கிள், டன்லப் என்று கம்பெனிதான் தெய்வம்.

2018ல் வெள்ளைக்காரர் இந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்து, திடீரென்று "காரை நிறுத்து!" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. தெருவோர ஜூஸ் வேலை செய்துவிட்டதோ என்று நினைத்தேன். விஷயம் அதில்லை. "இது எங்க ஊரு!" என்றார்.

நிஜம்தான். அன்றைக்கு அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். லூகாஸ் என்பது பர்மிங்ஹாமில் விளக்கு செய்து ஆரம்பித்த கம்பெனி. 1961ல் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து பாடிக்கு வந்தது. ஹெர்குலிஸ் சைக்கிள் பர்மிங்ஹாம். பி.எஸ்.ஏ. என்று நாம் பெடல் மிதித்தோமே, அதன் முழுப்பெயர் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். துப்பாக்கி செய்த கம்பெனி! அந்த இரண்டு சைக்கிளையும் இங்கே செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து தொடங்கியது. டன்லப்பின் மிகப் பெரிய ஃபாக்டரியும் பர்மிங்ஹாமில்தான். ஃபோர்ட் டன்லப் என்று கோட்டை மாதிரி பெயர். அம்பத்தூருக்கு 1959ல் வந்தது.

"அங்கே எல்லாம் எப்படி ஓடுது ஸார்?" என்று கேட்டேன்.

"கோட்டையை ஆபீஸும் ஹோட்டலுமா மாத்திட்டாங்க. துப்பாக்கி கம்பெனியை இடிச்சிட்டாங்க. உங்க ஊர்ல பஸ் ஸ்டாப்பாவது இருக்கு."

நம் டன்லப்பின் கதை தெரிந்ததுதான். 1990களின் கடைசியிலிருந்து மூடுவதும் திறப்பதும், திறப்பதும் மூடுவதும். 2013ல் கல்கத்தா ஹைகோர்ட் கம்பெனியைக் கலைக்கச் சொல்லிவிட்டது. கண்டக்டர்கள் இன்னும் "டன்லப் எறங்கு" என்று கூவுகிறார்கள். அண்ணன் அந்த ஸ்டாப்பைத் தாண்டும்போது வண்டியின் வேகத்தைக் கூட்டினார். எக்ஸெல் முப்பத்தைந்தைத் தொட்டது.

அம்பத்தூர் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பத்தொன்றாவது சக்தி பீடம், 'ஐம்பத்தொன்றாம் ஊர்', அதுவே தேய்ந்து அம்பத்தூர் ஆனது என்று உள்ளூர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அடுத்து வரும் திருமுல்லைவாயிலில் தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி பின்னிக்கொள்ள, அவன் வாளால் வெட்ட, கொடிக்குள் இருந்த லிங்கத்தில் பட்டதாம். மாசிலாமணீஸ்வரர். கொடியிடை நாயகி. எருக்கந்தூண் பார்க்கவேண்டியது. ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கோயில் நடை சாத்தியிருக்கும், மிலிட்டரி ஹோட்டல் நடை திறந்திருக்கும். கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே ஆவடி.

ஆவடிக்கும் ஒரு பெயர்க்கதை உண்டு. 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா', அதன் சுருக்கம்தான் ஆவடி என்று புத்திசாலிகள் சொல்வார்கள். பந்தயம் கட்டுங்கள், ஜெயிக்கலாம். 1955 ஜனவரியில் நேருவும் காமராஜரும் காங்கிரஸ் மகாநாட்டுக்குக் கூடி 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது இதே ஆவடியில். அதற்கு ஆவடி காங்கிரஸ் என்றே பெயர். டாங்க் ஃபாக்டரி வந்ததோ 1960களில். முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது 1965ல். ஊர் முதலில், டாங்க் அப்புறம்.

ஹோட்டல் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறு எனக்கே இடம் கிடைக்காது. மார்க்கெட் பக்கம் ஒரு சந்து. பெஞ்சு, நீள மேஜை, மேலே சுழலும்போது 'கடக் கடக்' என்று எண்ணிக்கை சொல்லும் ஃபேன். பட்டாளத்துக்காரர்கள் அசைவம் சாப்பிட வருகிற இடம் என்பதால் 'மிலிட்டரி ஹோட்டல்' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மற்ற ஊரில் அது சும்மா பெயர். ஆவடியில் நிஜமாகவே பட்டாளத்துக்காரர் பக்கத்து பெஞ்சில் இருப்பார்.

வாசலில் அண்ணன் கொஞ்சம் தயங்கினார். எதிரே பச்சை போர்டு, கம்பி வலை.

"ஒரு பீர் அடிக்கலாமா தம்பி?"

"உங்க இஷ்டம் அண்ணே."

யோசித்தார். "வேணாம். நாளைக்குப் பத்து மணிக்கு எது சொன்னாலும் தெளிவா காதுல விழணும்."

உள்ளே போனோம். இலை. தண்ணீர் தெளித்தோம். ஒரு மலை சோறு. மலையில் பள்ளம் தோண்டினோம். இதற்குத்தான் காத்திருந்தவர் போல ஒருவர் மூன்று தூக்குவாளிகளோடு வந்தார். கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு. "எதுண்ணே?" என்று கேட்பார். கேள்வி ஒரு மரியாதைக்குத்தான். மூன்றும் வரும். முதல் ரவுண்டு கறிக்குழம்பு. தேங்காய் அதிகம் சேராத, மிளகு தூக்கலான குழம்பு. அதில் ஒரு எலும்பு தற்செயலாக விழுந்தால் அன்றைக்கு நமக்கு நல்ல நேரம். இரண்டாவது ரவுண்டு மீன்குழம்பு. முந்தின நாள் ராத்திரியே வைத்தது. மாங்காய் போட்டது. மீன்குழம்புக்கு வயது ஏற ஏறத்தான் மரியாதை, ஆபீஸ் மாதிரி இல்லை.

தனியாக ஒரு பிளேட் தலைக்கறி, ஒரு பிளேட் ஈரல். அண்ணன் சுக்கா துண்டு ஒன்றை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"பதினெட்டு மில்லி. போன தடவை இருபத்திரெண்டு."

"ஆட்டுக்கும் ஆள்குறைப்பா இருக்கும் அண்ணே!"

சிரித்தார். அன்றைக்கு முதல் சிரிப்பு.

எதிர் பெஞ்சில் ஒரு பெரியவர். டாங்க் ஃபாக்டரியில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிடையர் ஆனவராம். இலையை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் துடைத்து வைத்திருந்தார். அம்பத்தூர் ஆட்களுக்கு ஆவடிக்காரர்கள் மேல் எப்போதும் ஒரு பொறாமை உண்டு. மத்திய சர்க்கார் உத்தியோகம், குவார்ட்டர்ஸ், கேன்டீன். அவர்களுக்குத் திங்கட்கிழமை பயமே கிடையாது. அதைச் சொன்னேன்.

"அப்படித்தாம்பா நாங்களும் நெனைச்சோம்" என்றார். "2021 அக்டோபர் ஒண்ணாந்தேதி என்ன ஆச்சு? நாட்டுல இருந்த நாப்பத்தோரு ஃபாக்டரியையும் ஏழு கம்பெனியாப் பிரிச்சுட்டாங்க. எங்களுது இப்போ ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் லிமிடெட். கடைசியில 'லிமிடெட்'னு ஒரு வார்த்தை வந்துதே, அன்னிக்கு என் பையன் ராத்திரி பூரா தூங்கலை. அவனும் அங்கதான். டெபுடேஷன்ல இருக்கான்னு பேரு."

"இப்போ?"

"வேலை இருக்கு. தூக்கமும் வந்துடுச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா சாயங்காலம் ஒரு மாதிரி ஆயிடறான்."

அந்த 'ஒரு மாதிரி' எங்கள் இருவருக்கும் தெரிந்தது. மத்தியானம் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம், எழுந்தால் ஐந்து மணி. எங்கோ கோயில் ஸ்பீக்கர். சட்டை இஸ்திரி போட்டாச்சா என்று அம்மாவின் குரல். வயிற்றில் ஒரு சின்னக் கல். வேலை நிச்சயமாக இருப்பவனுக்கே அந்தக் கல் உண்டு. இல்லாதவனுக்கு அது அம்மிக்கல்.

ஞாயிறு லீவு என்பதே சும்மா வந்ததில்லை தெரியுமோ? பம்பாய் மில் தொழிலாளிகளுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் வருஷக்கணக்கில் போராடி, 1890 ஜூன் 10ஆம் தேதிதான் மில் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்குத் தலையாட்டினார்கள். இங்கிலாந்தில் அந்தக் காலத்துப் பட்டறைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின் களைப்பைக் காட்டித் திங்கட்கிழமையும் மட்டம் போடுவார்களாம். அதற்கு 'செயின்ட் மண்டே' என்று ஒரு புனிதர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அந்தப் புனிதருக்கு எஸ்டேட்டில் ஒரு கோயில் கட்டினால் என்ன என்று அண்ணனிடம் யோசனை சொன்னேன். "மனை விலை கட்டுப்படியாவாது" என்றார்.

இப்போது வெள்ளைக்காரர் கதைக்கு வருகிறேன். 2018ல் இதே பெஞ்சில்தான் அவரை உட்காரவைத்தேன். கரண்டி கேட்டார், கொடுத்தார்கள். இரண்டாவது வாயிலேயே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் பிசைய ஆரம்பித்தார். முகம் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர். நிறுத்தவில்லை. மோர் வந்த பிறகுதான் பேசினார்.

அவர் அப்பா லாங்பிரிட்ஜ் கார் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். பர்மிங்ஹாமின் பெருமையே அந்த ஃபாக்டரிதான். 2005 ஏப்ரலில் கம்பெனி நொடித்து, சுமார் ஆறாயிரம் பேருக்கு வேலை போயிற்று. செய்தி வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாருக்கும் பப்புக்குப் போகிற மனசில்லை. அப்பாதான் முதலில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாராம்.

"அங்கே அப்பா ஒரு வார்த்தை பேசலை. ஆனா உருளைக்கிழங்கை மட்டும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினார்" என்றார் வெள்ளைக்காரர். "அதைப் பார்த்துட்டு அம்மா அழுதுட்டா."

இதை அண்ணனிடம் சொல்லி முடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாளிக்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு போடு. மீன்குழம்பு ஊத்து" என்றார். அவருக்கு சுகர். இரண்டாவது சோறு அவர் வாங்கி நான் பார்த்ததில்லை.

வெயில் தாழ ஆவடியிலிருந்து பூந்தமல்லி ரோட்டைப் பிடித்தோம். "பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க இல்ல? பூந்தமல்லியில பெருமாளைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார் அண்ணன். வாடகை வீட்டுக்காரனுக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று பெருமாளிடம் சொல்ல இதைவிடப் பொருத்தமான வயிறு வேண்டாமா என்று தோன்றியது. தலைக்கறி சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்கா? "நாம கோபுரத்தோட நின்னுக்குவோம்" என்று அதற்கும் அவரிடம் அளவு இருந்தது. பருத்திப்பட்டு ஏரி. கரையில் பார்க் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்கள், பஞ்சு மிட்டாய், பலூன். பாட்டிகளும் உண்டு. வெள்ளைக்காரருக்கு இதைக் காட்டியிருக்கலாம். அப்புறம் கரையான்சாவடி, தலைக்கு மேல் மெட்ரோ தூண்கள், பூந்தமல்லி.

பூவிருந்தவல்லிதான் பேச்சு வழக்கில் பூந்தமல்லி ஆயிற்று. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். இங்கே நந்தவனம் வைத்து, பூத்த பூவைக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சாத்தி, விசிறி வீசுவதே வேலையாக இருந்தவர். அவரிடம் பெருமாள் நேரிலே பேசுவாராம். ராமானுஜருக்கு மனசில் சில சந்தேகங்கள். நம்பிகளிடம், "பெருமாளிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். என்ன கேள்வி என்று சொல்லவில்லை. மறுநாள் பெருமாள் ஆறு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பினார்.

கோபுரத்துக்கு வெளியே நின்றுகொண்டு இந்தக் கதையை அண்ணனுக்குச் சொன்னேன்.

"நமக்கும் அப்படி ஒரு நம்பி இருந்தா நல்லா இருக்கும்" என்றார். "முதலாளிக்கிட்ட போய்க் கேட்டுட்டு வந்து... ஆறு வார்த்தை வேணாம்பா. 'இருக்கு', 'இல்லை'. ஒரு வார்த்தை போதும்."

பூக்கடையில் அவர் வீட்டுக்கு இரண்டு முழம் மல்லி வாங்கினார். முழம் போட்டவளின் கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் காலை மிதித்தேன். மூடிக்கொண்டார்.

டீக்கடையில் நின்றபோதுதான் விஷயத்துக்கு வந்தார். அவருடைய மைக்ரோமீட்டர் கம்பெனிச் சொத்தல்ல. 1998ல் வேலைக்குச் சேர்ந்து, முதல் போனஸில் சொந்தக் காசு போட்டு வாங்கியது. மிட்டுடோயோ, ஜப்பான் சாமான். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் ஒரு பங்கைக் காட்டும். வேறு யார் தொட்டாலும் அவருக்குக் கோபம் வரும். தினமும் டிராயரில் பூட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"வெள்ளிக்கிழமை அதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன் தம்பி."

நான் டீயைக் குடித்தேன்.

"ஒருவேளை திங்கட்கிழமை கேட்டைப் பூட்டிட்டானுங்கன்னா, அது உள்ள மாட்டிக்கும் இல்ல? அதான். ஆனா வீட்ல டேபிள் மேல வெச்சுப் பார்த்தா, என்னவோ நானே வேலையை விட்டுட்டு வந்துட்ட மாதிரி இருக்கு. ராத்திரி தூக்கம் வரலை. நாளைக்குத் திரும்ப எடுத்துட்டு வரட்டா, வேணாமா? நீ சொல்லு."

இருபத்தேழு வருஷ சர்வீஸ்காரர் ஒன்பது வருஷக்காரனைக் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? "அடுத்த ஞாயிறு பெண் வீட்டாரிடம் என்ன சொல்லட்டும்?" என்று நான் அவரைக் கேட்கலாம் என்றுதான் அதுவரை சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. டீக்காசை நான் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு அவர்தான் கொடுத்திருந்தார்.

ஆவடி ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்டு, எக்ஸெல் புகைவிட்டுக்கொண்டு கிளம்பியது. நீலப் புகை. வால்வு கைடு மாற்றவேண்டும் என்று அவரிடம் யார் சொல்வது!

திங்கட்கிழமை. கும்பலோடு கும்பலாகப் பட்டரைவாக்கத்தில் இறங்கி நடந்தேன். நாய்களைக் காணோம், குயில் சத்தத்தையும் காணோம், பிரஸ் மெஷின் 'டொம் டொம்' ஆரம்பித்திருந்தது. ஒன்பது நாற்பதுக்கு எங்கள் கேட். அண்ணன் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். தோளில் மஞ்சள் பை. அதில் டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் சின்ன மரப்பெட்டி ஒன்று முட்டிக்கொண்டிருந்தது.

"எடுத்துட்டு வந்துட்டீங்களா அண்ணே?"

"வேலைக்கு வரும்போது வேற எப்படி வர்றது?"

ஷெட் எண் 2ல் நாற்காலி போட்டிருந்தார்கள். வாடகை நாற்காலி, பிளாஸ்டிக், சிவப்பு. அண்ணன் வாசலிலேயே நின்று கண்ணால் ஒரு ஓட்டு ஓட்டினார்.

"நாப்பத்தொண்ணு இருக்கு" என்றார்.

நாங்கள் மொத்தம் நாற்பத்துமூன்று பேர்.

"வா தம்பி, நாம பின்னாடி நின்னுக்குவோம்."